தலைக்குத்தலை சார்

மூன்று பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருஷம் அவருக்குக் கீழே வேலையும் பார்த்திருக்கிறேன். எதிரில் ஒரே ஆள் இருந்தால் அவரைப் போலப் பேச தமிழ்நாட்டிலேயே ஆள் கிடையாது. இரண்டாவதாக ஒருவர் வந்து நின்றால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வந்தவர் போகிற வரைக்கும் துடைப்பார். அவர் கண்ணாடியைப் போல சுத்தமான கண்ணாடியை நான் கடையில்கூடப் பார்த்ததில்லை.

1991இல் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டாலே நாடு முழுக்க ஒரு துக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதே வருஷத்தில் அதே பக்கத்தில் சில பேர் சிரித்துக்கொண்டும் இருந்தோம் என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அதற்காக எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் எங்கள் ஃபேக்டரி. இன்றைக்கு அங்கே கம்பெனிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. அன்றைக்கு எங்களுடையது தனிக்கட்டை. மூன்று பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் ரோடு. லாரிகளுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை பிரஸ் மெஷினில் அடித்து அனுப்புவார்கள். நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். மழைக்காலத்தில் தவளைகளும் ஷிஃப்டுக்கு வரும். நான் பர்சனல் டிபார்ட்மென்டில் டைப்பிஸ்ட். வாலாஜாபாத்தில் வீடு. தினம் பஸ்ஸில் போய்வருவேன். என் அதிகாரி, பர்சனல் ஆபீசர், நம்ம கதாநாயகர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி கேட் வாட்ச்மேனிலிருந்து கேன்டீன் ஆயா வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'தலைக்குத்தலை சார்'தான். அந்தப் பெயர் வந்ததற்கு நானும் ஒரு விதத்தில் காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. தொழிலாளியோடு ஏதாவது பிரச்சினை என்றால், மெமோ கொடுப்பதற்கு முன்னால் அதிகாரி அவரோடு ஒரு 'டேட்-ஆ-டேட்' வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அவர் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். இத்தனை வருஷமாக ஊர் எதைத் தன்னுடைய கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்ததோ, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் வெளிநாட்டுப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும். அப்படி இருந்தது அவர் முகம்.

"ஸ்டெல்லாம்மா, இது ஃபிரெஞ்சு வார்த்தை. ரெண்டு பேர் மட்டும் தனியா உக்காந்து பேசறது. நேரா அர்த்தம் பார்த்தா தலைக்குத் தலை. எவ்வளவு அழகா சொல்லியிருக்கான் பாருங்க."

அன்றிலிருந்து நான் அடிக்கிற எல்லாக் கடிதத்திலும் அந்த வார்த்தை வந்தது. பிரச்சினை என்னவென்றால், ஃபிரெஞ்சுக்காரர்கள் அந்த வார்த்தையின் இரண்டு எழுத்துகளுக்குத் தலையில் தொப்பி வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கிற எழுத்துக்கு ஒரு சாய்ந்த கோடு. எங்கள் டைப்ரைட்டரில் தொப்பியும் இல்லை, கோடும் இல்லை. "விட்டுடலாம் சார், புரியும்" என்றேன். "தலைன்னு எழுதிட்டு தொப்பிய எடுத்துட்டா நல்லாவா இருக்கு" என்றார். ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் அடித்து முடித்து, மெஷினிலிருந்து உருவி, பேனாவால் தொப்பி போடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்றானது. கார்பன் காப்பிகளுக்கும் போட வேண்டும். ஒன்றரை வருஷத்தில் நான் தைத்த தொப்பிகளை வைத்து ஒரு பள்ளிக்கூடத்துக்கே யூனிஃபார்ம் கொடுத்திருக்கலாம்.

பேசுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் எடைமேடை. ஃபேக்டரி வாசலுக்கு உள்ளே, யார்டுக்கு நடுவில், லாரியை ஏற்றி எடை போடுகிற அகலமான இரும்புத் தட்டு. அதில் போய் நின்றால் சுற்றிலும் நாற்பது அடிக்கு யாரும் கிடையாது. பேசுவது ஒருத்தர் காதிலும் விழாது, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும். "ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கினு பேசினா வெளியில கதை கட்டுவாங்க. இங்க நின்னா யாரும் எதுவும் சொல்ல முடியாது" என்பார். என்னோடு ஆபீஸ் விஷயம் பேசவும் அங்கேதான் அழைத்துப் போவார். ஆபீஸ் ரூமில் அக்கவுன்ட்ஸ் கிளார்க் ஒருவர் எப்போதும் இருந்ததால் அங்கே அவர் ஊமை.

யாரும் எதுவும் சொல்ல முடியாது என்பது அவர் நம்பிக்கை. எடைமேடை கேபினில் உட்கார்ந்திருந்த முருகேசனுக்கு வேறு வசதி இருந்தது. மேடை மேல் யார் ஏறினாலும் அவருக்கு எதிரில் முள் நகரும். தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்க்கிற சிரமம்கூடக் கிடையாது.

"நூத்தி இருவது கிலோ. ஸ்டெல்லா மேடம். நூத்தி அறுவது. ஸ்டோர் கீப்பரு, வேற யாரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே டீ கொண்டுவருகிறவரிடம் சொல்வார். மதியத்துக்குள் ஃபேக்டரி முழுக்கத் தெரிந்துவிடும். என்ன பேசினார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் ஒரு விபரீதம் நடந்தது. பிரஸ் ஷாப்பில் ஏழுமலை என்று ஒரு ஆபரேட்டர். வல்லம் ஊர்க்காரர். ஆள் ஆறடி, கோபம் ஏழடி. அவருடைய மெடிக்கல் கார்டில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மனைவி பெயரையும், மனைவி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா பெயரையும் அடித்துவிட்டேன். கார்டின்படி ஏழுமலை பெற்ற தாயைக் கட்டிக்கொண்டவர். இது ஷாப்பில் நாலு பேருக்குத் தெரிந்தால் அவரால் தலைகாட்ட முடியாது என்று சார் நினைத்தார். அதனால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கார்டை மாற்றிக் கொடுக்க முடிவு செய்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் சூப்பர்வைசர் மூலம் அவர் சொல்லி அனுப்பிய செய்தி இது: "ஏழுமலை சாயந்திரம் அஞ்சு மணிக்கு எடைமேடைக்கு வரணும். பர்சனல் ஆபீசர் தலைக்குத் தலை பார்க்கணும்கறார்."

ஏழுமலை ஐந்து மணிக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வல்லத்திலிருந்து இரண்டு மாமன் மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், தலைக்குத் தலை பாக்கணும்னு சொன்னியாமே. வந்துகீறேன். பாரு."

எதிரில் மூன்று பேர். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாமா, கண்ணாடிய கழட்றாரு. உஷாரா இரு" என்றார் ஒரு மாமன் மகன்.

சார் துடைத்தார். சட்டை நுனியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வாயைத் திறந்து 'மற்ற இருவரும் போங்கள்' என்று சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்வதற்கே அவருக்கு எதிரில் ஒரே ஆள் வேண்டும். கேபினில் முள் இருநூற்று எண்பதைக் காட்டியது. முருகேசன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் முதன்முறையாக ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஷிஃப்ட் விட்டு வந்த கூட்டம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு பேச்சும் இல்லாமல் பத்து நிமிஷம். கடைசியில் நான்தான் ஓடிப்போய், "அண்ணா, நீங்க ரெண்டு பேரும் இப்படி வந்து ஒரு டீ சாப்பிடுங்க" என்று மாமன் மகன்களை நகர்த்தினேன்.

முள் இறங்கியது. சார் கண்ணாடியை மாட்டினார். பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் ஏழுமலை குனிந்து இரண்டு கையாலும் கார்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்ன விஷயம் என்று மாமன் மகன்கள் எவ்வளவோ கேட்டார்கள். "சார் எங்கிட்ட தனியா சொன்னாரு. அத உங்கிட்ட எதுக்கு சொல்லணும்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் முதல் தலைக்குத்தலை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு தடவை ஒர்க்ஸ் மேனேஜர், ஷிஃப்ட் நேரம் அரை மணி முன்னால் மாறுகிறது, எல்லோரையும் கேன்டீனில் கூட்டி அறிவித்துவிடுங்கள் என்று சாரிடம் சொன்னார். எல்லோரையும் கூட்டுவதா. சார் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார். அதோடு ஒவ்வொருவரின் சௌகரியத்தையும் விசாரித்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்கிறவர் அரை மணி முன்னால் வர முடியுமா, மாட்டைக் கறந்து ஊற்றிவிட்டு வருகிறவர் என்ன செய்வார் என்று எல்லாம் பேச வேண்டாமா. நூற்று நாற்பது பேருக்கும் சொல்லி முடிக்க ஒன்பது நாள் ஆனது. கடைசி ஆளுக்குச் சொன்ன அன்று காலையில், பழைய நேரமே தொடரும் என்று ஹெட் ஆபீஸிலிருந்து தந்தி வந்துவிட்டது. சார் கலங்கவில்லை. முதல் ஆளிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். அவரும் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர் என்பதால் சில நாள் சாயந்திரம் ஒரே பஸ்ஸில் போவோம். ஒரு நாள் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் என் டிஃபன் கூடை. "அந்த அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல ஸ்டெல்லாம்மா, உங்க கையெழுத்து வந்து…" என்று ஆரம்பித்தார். ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு அம்மாள் ஏறி, கூடையை என் மடியில் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். சார் கண்ணாடியைக் கழற்றினார். வாலாஜாபாத்தில் நான் இறங்குகிற வரைக்கும் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்துக்கு என்ன ஆனது என்று நான் எத்தனை கற்பனை செய்திருப்பேன். வேலையே போய்விட்டதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை எட்டேமுக்காலுக்கு எடைமேடையில், அதே மூச்சில், "…கொஞ்சம் கீழ தள்ளிப் போட்டிருக்கீங்க, பரவால்ல" என்று முடித்தார்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றுதான் அவர் மனைவியைப் பார்த்தேன். சிரித்த முகம். மெல்லக் கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று.

"ரெண்டு பசங்க, நான், அவரு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டா பேச்சே இருக்காது. அதனால ஒவ்வொருத்தரா அவரோட உக்காந்து சாப்டுவோம். மூணு பந்தி. அவரு மூணு பந்தியிலயும் கொஞ்சம் கொஞ்சமா சாப்டுவாரு" என்றார் அந்த அம்மாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "ஆனா ஒண்ணும்மா. எம்முறை வந்துதுன்னா அது எம்முறைதான். நடுவுல ஒருத்தர் வர முடியாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்த மனைவியின் முகத்திலும் பார்க்கவில்லை.

அந்தத் தைரியத்தில் ஒரு நாள் எடைமேடையில் அவரிடமே கேட்டுவிட்டேன். ஏன் சார் இப்படி, கூச்சமா, பயமா.

யோசித்துத்தான் சொன்னார். "ரெண்டும் இல்ல ஸ்டெல்லாம்மா. உங்ககிட்ட பேசறப்ப மூணாவதா ஒருத்தர் வந்துட்டா, எனக்குத் தெரியாமலே நான் அவருக்குக் கேக்கறதுக்காகப் பேச ஆரம்பிச்சிடறேன். கொஞ்சம் அறிவாளியா, கொஞ்சம் நல்லவனா. அது பொய்யா இருக்கு. அதுக்கு சும்மா இருந்துடலாம்."

இனி ஏழுமலை கதைக்கு வருகிறேன். இது சிரிப்புக் கதை அல்ல, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் ஏழுமலை ஓட்டிக்கொண்டிருந்த பிரஸ்ஸில், தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற பெரிய அச்சு ஒன்று உடைந்துபோனது. தகட்டைச் சரியாக வைப்பதற்குள் மெஷின் அடித்துவிட்டது என்றார் ஏழுமலை. கவனக்குறைவு, மெஷினில் தூங்கிவிட்டார் என்றது நிர்வாகம். சஸ்பெண்ட் செய்து, விசாரணை என்று அறிவித்தார்கள். விசாரணைக் குழுவில் மூன்று பேர்: ஒர்க்ஸ் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர், மெயின்டனன்ஸ் இன்ஜினியர். தப்பு நிரூபணமானால் வேலை போய்விடும்.

அந்த நேரம் ஏழுமலை மனைவி புஷ்பா எட்டு மாசம். சஸ்பெண்டாகி இருந்த ஒன்பது நாளும் ஏழுமலை காலையில் வீட்டிலிருந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி வந்து, ஃபேக்டரிக்கு எதிர் டீக்கடையில் ஷிஃப்ட் முடிகிற வரை உட்கார்ந்திருந்தார்.

"யூனிஃபார்ம் எதுக்குண்ணா" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வூட்ல சொல்லல மேடம். அதுவுமில்லாம, இத்த கழட்டிட்டா நெஜமாவே வேல போய்ட்ட மாதிரி கீது."

குழு முதலில் அந்த ஷிஃப்டில் இருந்த பதினொரு பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டது. பதினொரு பேரும் "எனக்குத் தெரியாதுங்க" என்றார்கள். அடுத்த இரண்டு நாளில் தலைக்குத்தலை சார் அந்தப் பதினொரு பேரையும் எடைமேடையில் தனித்தனியாகப் பார்த்தார். பார்த்து முடித்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஒருவர் தனியாகச் சொன்னதை அவர் இன்னொருவரிடம் சொல்லவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை முதலாளியின் தம்பியே வந்து, அந்தத் தொழிலாளி உங்களிடம் என்ன சொன்னான் என்று கேட்டபோது, "அவரையே தனியா கேளுங்க சார், சொல்லுவாரு" என்று அனுப்பிவிட்டவர்.

விசாரணை நாள் வந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். ஒரு ஓரத்தில் ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு நான். சாரைக் கூப்பிட்டார்கள்.

"பதினொரு பேர்கிட்டயும் பேசினீங்க இல்ல. உங்க ரிப்போர்ட் என்ன" என்றார் ஒர்க்ஸ் மேனேஜர். கோபக்காரர், எதையும் இரண்டு வரியில் முடிக்க நினைப்பவர்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். என் பென்சில் நோட்டின் மேலேயே நின்றது. புரொடக்‌ஷன் மேனேஜர் சிரித்துவிட்டு, "அவர் பேச மாட்டார் சார். எழுதிக்கலாம், ஆபரேட்டர் மேல தப்புன்னு" என்றார்.

சார் என் நோட்டை வாங்கி ஒரு வரி எழுதி என்னிடமே கொடுத்தார். நான் எழுந்து படித்தேன். "ஒவ்வொருவராக என்னுடன் வெளியே வர முடியுமா?"

"மூணு நிமிஷம்" என்று சொல்லி ஒர்க்ஸ் மேனேஜர் முதலில் கிளம்பினார். ஜன்னல் வழியாக எடைமேடை தெரிந்தது. மூன்று நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. சார் அதிகம் பேசியதாகவே தெரியவில்லை. பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். திரும்பி வந்த ஒர்க்ஸ் மேனேஜர் யாரையும் பார்க்காமல் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அடுத்து புரொடக்‌ஷன் மேனேஜர் போனார். போகும்போது இருந்த சிரிப்பு வரும்போது இல்லை. கடைசியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வயதில் சின்னவர். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது சாருக்கு எல்லோருடைய மனசும் தெரியும். ஒருவர் சொன்னதையும் வெளியே சொல்ல முடியாது. திரும்ப என் நோட்டை வாங்கினார். நான் படித்தேன். "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தாங்கள் மூவரும் இரண்டிரண்டு பேராகத் தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதும்."

வேறு நாளாக இருந்தால் ஒர்க்ஸ் மேனேஜர் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார். அன்றைக்குப் பேசாமல் எழுந்து, புரொடக்‌ஷன் மேனேஜரைப் பார்த்து, "வாங்க" என்றார்.

அந்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். மூன்று பேரில் இரண்டு பேர் மேடையில், மீதி ஒருவர் என்னோடு அறையில். அப்படி மீதியாகிற ஒருவர் படுகிற பாடு இருக்கிறதே. முதலில் மாட்டியவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். நாற்காலியில் உட்காருவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார். "என்ன பேசறாங்க மேடம்?" எனக்கென்ன தெரியும். "என்னைப் பத்தியா?" அவர் போன பிறகு புரொடக்‌ஷன் மேனேஜர் மாட்டினார். கேன்டீனிலிருந்து வந்த மூன்று சாப்பாடும் தட்டிலேயே ஆறிப்போயின. அவர் மோரை மட்டும் மூன்று டம்ளர் குடித்தார். அதில் இரண்டு மற்றவர்களுடையது என்பது அவருக்குத் தெரியவில்லை. முருகேசன் டீ வாங்க வருகிற சாக்கில் வந்து, வாசல் ஓரமாக நின்று, "இன்னா மேடம், இன்னிக்கு முள்ளு கீழ எறங்கவே மாட்டேங்குது" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலரை மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து எனக்கு அறிக்கை சொன்னார்கள். அதை எழுதும்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பிரஸ்ஸின் பிரேக் தேய்ந்து போயிருந்தது. ஒரு முறை அடிக்க வேண்டிய மெஷின் சில நேரம் தானாக இரண்டாவது முறையும் இறங்கியது. இன்ஜினியருக்குத் தெரியும், புரொடக்‌ஷன் மேனேஜரிடம் வாயால் சொன்னார், எழுதிக் கொடுக்கப் பயந்தார். மாசக் கடைசி லோடு போகட்டும் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் தள்ளிப்போட்டார். ஒர்க்ஸ் மேனேஜர் ரவுண்ட்ஸ் போகும்போது அந்த இரண்டாவது அடியைத் தன் காதாலேயே கேட்டிருந்தார், கேட்காத மாதிரி நடந்துவிட்டார். மற்ற இருவருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார், அவருக்குத் தெரியாது என்று அவர்கள் இருவரும் நினைத்திருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த வரைக்கும், ஒவ்வொருவரும் மற்ற இருவருக்குக் கேட்பதற்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று அறிக்கை முடிந்தது. எதிர் டீக்கடைக்குப் போய் நான்தான் சொன்னேன். ஏழுமலை யூனிஃபார்ம் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "நாளைக்கு மொத ஷிஃப்டா, ரெண்டாவது ஷிஃப்டா மேடம்" என்று கேட்டார். பிரஸ்ஸை நிறுத்தி, புது பிரேக் போட்ட பிறகுதான் ஓட்டினார்கள். அடுத்த மாசம் ஏழுமலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மெடிக்கல் கார்டில் பெயர் சேர்க்கும்போது நான் நான்கு தடவை சரிபார்த்தேன்.

சார் அந்த மூன்று பேரிடம் அப்படி என்னதான் கேட்டார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. கல்யாணம் நிச்சயமாகி நான் வேலையை விட்டபோது, என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஒர்க்ஸ் மேனேஜர் தானாகச் சொன்னார். "ஒரே கேள்விம்மா. அந்த பிரஸ்ல நீங்க கை வைப்பீங்களா சார்னு கேட்டார். நாலு பேர் நடுவுல கேட்டிருந்தா சட்டுனு ஒரு பதில் சொல்லியிருப்பேன். தனியா கேட்டுட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். என்ன பண்றது."

என் கல்யாணம் வாலாஜாபாத்தில், எங்கள் சர்ச்சை ஒட்டிய ஹாலில் நடந்தது. சார் வந்தார். மேடைக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றார். யோசித்துப் பாருங்கள், மணமேடையில் எப்போதும் இரண்டு பேர். கடைசியில் மேலே வந்து, பரிசைக் கையில் கொடுத்து, என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

"யாரு இவரு, பேச வராதா பாவம்" என்றார் என் கணவர்.

"வரும். கொஞ்ச நேரத்துல உங்களைக் கூப்பிடுவாரு. போயிட்டு வாங்க" என்றேன்.

அப்படியே நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளையைப் பிடித்து, ஹாலுக்குப் பின்னால் பாத்திரங்கள் கவிழ்த்துவைத்த இடத்துக்கு அழைத்துப்போனார். கால் மணி நேரம் பேசினார். பிறகு கிளம்புகிற நேரத்தில் என்னைத் தனியாக ஒரு தூண் ஓரத்தில் பார்த்து, "நல்ல பையன் ஸ்டெல்லாம்மா. சொன்னா கேக்கறாரு" என்றார். என்ன சார் சொன்னீங்க என்று கேட்டேன். "அது அவருக்கும் எனக்கும்" என்று சொல்லிவிட்டு, காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

என் கணவரும் இத்தனை வருஷத்தில் சொல்லவில்லை. சண்டை போட்டுக் கேட்டிருக்கிறேன், நல்லபடியாகவும் கேட்டிருக்கிறேன். "தனியா சொன்னாரு, விடு" என்பதோடு சரி. நானும் இப்போது கேட்பதில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இன்று வரை, நான் பேச ஆரம்பித்தால் அவர் கையிலிருக்கும் பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்காருகிறார். அப்படி அவர் பேப்பரை மடிக்கும்போதெல்லாம் நான் மனசுக்குள் நன்றி சொல்வது அவருக்கு அல்ல.